மாட்டிய பெல்ட் தாங்குமா?

சுங்கச்சாவடி கண்ணில் பட்டதும் லோடு வண்டி ஓட்டுபவரின் கை தோளுக்குப் பின்னால் போகும். சீட் பெல்ட்டை இழுத்து மார்புக்குக் குறுக்கே கொண்டுவருவார். சிலர் பக்கிளில் மாட்டுவார்கள். பலர் மாட்டாமலே நுனியை இடுப்போரம் அழுத்திப் பிடித்துக்கொள்வார்கள். போலீஸ் நிற்கும் இடம் தாண்டியதும் விட்டுவிடுவார்கள். விட்ட பெல்ட் தானாகச் சுருண்டு உள்ளே போக வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் போவதில்லை. தொய்ந்துபோய்க் கதவோரம் தொங்குகிறது. அடுத்த முறை கதவைச் சாத்தும்போது இடுக்கில் சிக்கி நசுங்குகிறது. நாளாக நாளாக ஓரத்தில் நூல் பிரிகிறது.

சீட் பெல்ட் என்றாலே மாட்டினாரா, மாட்டவில்லையா என்பதைப் பற்றித்தான் இத்தனை வருடமும் பேசியிருக்கிறோம். விளம்பரப் பலகைகளும் விழிப்புணர்வு ஊர்வலங்களும் அந்தக் கேள்வியோடு நின்றுவிடுகின்றன. மாட்டிய பெல்ட் எந்த நிலையில் இருக்கிறது, மோதும் நொடியில் தாங்குமா என்று கேட்பவர் இல்லை. புதுக் காரில் அந்தக் கேள்விக்கு அவசியம் குறைவு. எட்டு, பத்து வருடம் செங்கல்லும் சிமென்டும் மீனும் காய்கறியும் சுமந்த பிக்கப் வண்டியில் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

டயர் மொட்டையானால் மாற்றுகிறோம். பிரேக் ஷூ தேய்ந்தால் மாற்றுகிறோம். சீட் பெல்ட்டும் தேயக்கூடிய, காலம் வந்தால் மாற்ற வேண்டிய உதிரிபாகம்தான். ஆனால் ‘பெல்ட்டைப் பாருங்க’ என்று சொல்லி வண்டியைப் பட்டறையில் விடும் உரிமையாளரைப் பார்ப்பது அரிது.

லோடு வண்டிக்குத்தான் அதிகம் தேவை

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022-ஆம் ஆண்டு விபத்து அறிக்கைப்படி அந்த ஓராண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 16,715 பேர் சீட் பெல்ட் அணியாதவர்கள். ஓட்டுநர்கள் 8,384 பேர், உடன் வந்தவர்கள் 8,331 பேர். அதாவது, ஸ்டீயரிங் பிடித்தவருக்கு ஏறக்குறைய இணையாகப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவரும் செத்திருக்கிறார். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105.

அதே 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே கார் விபத்தில் இறந்தபோது, பின் இருக்கையில் பெல்ட் போட வேண்டுமா என்று நாடு முழுக்கப் பேசினார்கள். நல்ல பேச்சு. ஆனால் அது சொகுசுக் காரின் பின் இருக்கையைத் தாண்டி, ‘குட்டி யானை’ எனப்படும் சின்ன லோடு வண்டியின் முன் இருக்கைக்கு வரவே இல்லை.

வந்திருக்க வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் பல ஆண்டு விபத்துகளை ஆராய்ந்து சொன்னது இது: காரின் முன் இருக்கையில் பெல்ட் அணிந்தவர் இறக்கும் வாய்ப்பு 45 சதவீதம் குறைகிறது, பிக்கப் போன்ற இலகு ரக டிரக்குகளில் 60 சதவீதம் குறைகிறது. உயரமான வண்டி எளிதில் கவிழும். கவிழும்போது கதவு திறந்துகொள்ளும், கண்ணாடி பெயர்ந்துவிழும். பெல்ட் இல்லாதவர் வெளியே தூக்கியெறியப்பட்டு, தன் வண்டிக்கு அடியிலேயே நசுங்குவார். பெல்ட் அவரை இருக்கையோடு பிடித்து நிறுத்துகிறது. இந்த உதவி காரைவிடப் பிக்கப்பில் அதிகம் பயன்படுகிறது.

நம் ஊர் வண்டிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. சின்ன லோடு வண்டிகள் பலவற்றுக்கு முன்னால் நீண்ட பானெட் கிடையாது. ஓட்டுநரின் முழங்காலுக்கும் எதிரே வரும் லாரிக்கும் நடுவில் இருப்பது ஒரு தகடும் ஒரு விளக்கும்தான். நசுங்கி விசையை வாங்கிக்கொள்ளப் போதிய இடம் இல்லாத வண்டியில், உடம்பு ஸ்டீயரிங்கில் போய் மோதாமல் பிடிக்கப் பெல்ட்டை விட்டால் வேறு எதுவும் இல்லை. பழைய லோடு வண்டிகளில் ஏர்பேக் கிடையாது.

விசை எவ்வளவு என்று பார்ப்போம். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி மரத்தில் மோதி நிற்பதும், அதற்குள் இருப்பவர் மூன்று மாடி உயரத்திலிருந்து விழுவதும் உடம்பைப் பொறுத்தவரை ஒன்றுதான். 70 கிலோ எடையுள்ளவரின் உடம்பு அந்த வேகத்திலிருந்து அரை மீட்டர் தூரத்துக்குள் நிற்க வேண்டுமானால், சராசரியாக ஏறக்குறைய 1,375 கிலோ எடைக்குச் சமமான விசை அவரைப் பிடித்து நிறுத்த வேண்டும். கையால் டேஷ்போர்டைப் பிடித்து ஊன்றிக்கொள்வேன் என்பவர்கள் இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அத்தனை விசையும் ஐந்து சென்டிமீட்டர்கூட அகலமில்லாத ஒரு பட்டையில், மூன்று போல்ட்டுகளில், ஒரு பக்கிளில் வந்து விழுகிறது.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

இன்று பெரும்பாலான வண்டிகளில் இருக்கும் மூன்று முனை பெல்ட் 1959-இல் வந்தது. ஸ்வீடனின் வால்வோ நிறுவனத்தில் பொறியாளராக இருந்த நில்ஸ் போலின் வடிவமைத்தார். அதற்கு முன் சாப் நிறுவனத்தில், ஆபத்து நேரத்தில் விமானியை வெளியே வீசிக் காப்பாற்றும் இருக்கைகளை வடிவமைத்தவர் அவர். திடீர் விசையை உடம்பின் எந்தப் பகுதி தாங்கும் என்பது அவர் தொழிலாகவே பார்த்த விஷயம். இடுப்பெலும்பும் மார்புக்கூடும் தாங்கும், வயிறு தாங்காது. ஒரு கையால் இழுத்து மாட்டிவிட வேண்டும், மாட்டினால் இடுப்பெலும்பிலும் மார்பிலும் மட்டும் படிய வேண்டும் என்று அமைத்தார். காப்புரிமை கையில் இருந்தும் மற்ற நிறுவனங்கள் எல்லாம் இலவசமாகப் பயன்படுத்திக்கொள்ள வால்வோ விட்டுவிட்டது. இந்தியாவில் 1994 முதல் கார், லாரி, பிக்கப் என்று எல்லாவற்றிலும் முன் இருக்கைகளுக்குப் பெல்ட்டோடுதான் வண்டி ஆலையை விட்டு வெளியே வர வேண்டும் என்பது விதி.

பட்டை பாலியெஸ்டர் நூலால் நெய்தது. ஐ.நா.வின் 16-ஆம் எண் வாகன விதிப்படி, அது குறைந்தபட்சம் 14,700 நியூட்டன், அதாவது சுமார் 1,500 கிலோ எடையைத் தாங்க வேண்டும். அதோடு விடுவதில்லை. வெயிலில் காய வைப்பார்கள், குளிரில் உறைய வைப்பார்கள், 60 டிகிரி சூட்டில் போடுவார்கள், தண்ணீரில் ஊற வைப்பார்கள், உரசுவார்கள். இத்தனைக்கும் பிறகும் புதுப் பட்டையின் பலத்தில் 75 சதவீதமாவது மிஞ்ச வேண்டும். நம் நாட்டின் ஐ.எஸ். 15140 தரமும் இந்த வழியில் அமைந்ததுதான்.

கதவோரத் தூணின் அடியில், பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் இருக்கும் இரும்புப் பெட்டிதான் இந்த அமைப்பின் மூளை. பட்டையைச் சுருட்டி வைத்திருக்கும் உருளை, அதைப் பின்னுக்கு இழுக்கும் சுருள்வில், ஒரு பல்சக்கரம், அதைக் கவ்வும் ஒரு நாக்கு. அடியில் சின்னக் கிண்ணத்தில் ஓர் எஃகுக் குண்டு, அல்லது ஆடும் ஊசல். வண்டி திடீரென்று வேகம் குறைந்தால் குண்டு கிண்ணத்தின் சரிவில் ஏறி நாக்கைத் தள்ளும், நாக்கு பல்லைக் கவ்வும், உருளை நின்றுவிடும். பட்டையை வெடுக்கென்று இழுத்தாலும் பூட்டிக்கொள்ளும் தனி ஏற்பாடு ஒன்றும் பெரும்பாலான பெல்ட்டுகளில் உண்டு. மெதுவாக இழுத்தால் வரும், வேகமாக இழுத்தால் வராது என்று நாம் கையால் உணர்வது அதைத்தான்.

வண்டி சாய்ந்தாலும் குண்டு நகரும். 12 டிகிரிக்குள் சாய்ந்தால் பூட்டக்கூடாது, 27 டிகிரிக்கு மேல் சாய்ந்தால் பூட்டியாக வேண்டும் என்பது விதி. இதைத் தெரிந்துகொள்ளாததால் பட்டறைகளில் நல்ல பெல்ட்டுகள் வீணாகின்றன. கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு இழுத்துப் பார்க்கிறார்கள், வரவில்லை, ‘ஜாம் ஆயிடுச்சு’ என்று தூக்கிப் போடுகிறார்கள். பெட்டியைத் தூணில் எப்படி நிற்குமோ அப்படியே நிமிர்த்திப் பிடித்து மெதுவாக இழுத்தால் வந்துவிடும். புதுப் பெல்ட்டைக் கோணலாகப் பூட்டினாலும் இதே கோளாறுதான் வரும். பெட்டியின் முதுகில் இருக்கும் சின்னக் கொக்கி, தூணில் அதற்கென்று இருக்கும் துளையில் உட்கார்ந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் போல்ட்டை முறுக்க வேண்டும்.

அந்த ஐ.நா. விதியில் இன்னும் ஒரு சோதனை இருக்கிறது. பெட்டி 40,000 முறை இழுத்துச் சுருண்ட பிறகு, துருவுக்கும் தூசிக்கும் ஆட்படுத்தி, மேலும் 5,000 முறை வேலை செய்ய வேண்டும். பெரிய எண்ணாகத் தெரியும். ஆனால் தண்ணீர் கேன் போடும் வண்டியையும் பால் வண்டியையும் கேஸ் சிலிண்டர் வண்டியையும் நினைத்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு 40 இடத்தில் இறங்கி ஏறும் ஓட்டுநர், சட்டப்படி ஒவ்வொரு முறையும் மாட்டிக் கழற்றினால், 1,000 வேலைநாளில் அந்த 40,000 முடிந்துவிடும். மூன்றரை வருடம்கூட இல்லை. வீட்டுக் காரின் பெல்ட் ஆயுள் முழுக்கப் பார்க்காத உழைப்பை லோடு வண்டியின் பெல்ட் சில வருடங்களில் பார்த்துவிடுகிறது. ஒழுங்காகப் பெல்ட் போடும் நல்ல ஓட்டுநரின் வண்டியில்தான் பெட்டி சீக்கிரம் தளரும். அவருக்குத்தான் புதுப் பெல்ட் முதலில் கிடைக்க வேண்டும்.

எப்படிக் கெடுகிறது?

முதல் எதிரி வெயில். நிழலில்லாத மார்க்கெட் வாசலில் நாள் முழுக்க நிற்கும் வண்டியில், ஜன்னல் பக்கம் விழும் பட்டையின் கறுப்பு நிறம் முதலில் சாம்பலாகும். பிறகு தடவினால் சொரசொரப்பாகும். நிறம் போன இடத்தில் நூலின் பலமும் போயிருக்கும்.

அடுத்தது தூசி. செங்கல் சூளை வண்டியில் செம்மண், அரிசி ஆலை வண்டியில் உமி, கயிறு ஆலை வண்டியில் தென்னை நார்த்துகள். இவை ஓட்டுநரின் வியர்வையோடு கலந்து, தோளுக்கு மேலே பட்டை நுழைந்து வரும் வளையத்தில் பசையாகப் படிகின்றன. பெல்ட் சுருளவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் இந்த வளையத்தின் அழுக்குதான். சுருள்வில் நன்றாகத்தான் இருக்கும். அழுக்கை மீறிப் பட்டையை இழுக்க அதற்கு வலு போதாது.

கடற்கரை ஊர்களில் உப்பு. காசிமேட்டிலும் நாகப்பட்டினத்திலும் ராமேஸ்வரத்திலும் மீன் ஏற்றும் வண்டிகளிலும், தூத்துக்குடி உப்பள வண்டிகளிலும் பட்டை புதிதாக இருந்தாலும் நம்பக்கூடாது. இருக்கைக்கு அடியில், தரைத் தகட்டில் பெல்ட்டின் கீழ்முனை பூட்டியிருக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். ஐஸ் தண்ணீர் வடிந்து மிதியடிக்கு அடியில் தேங்கி, தகடு அப்பளமாக நொறுங்கும் அளவுக்குத் துருப்பிடித்திருக்கும். அந்தத் தகட்டில்தான் மேலே சொன்ன ஆயிரம் கிலோவுக்கு மேற்பட்ட விசையின் ஒரு பங்கு இறங்க வேண்டும்.

நெல், மாட்டுத்தீவனம் ஏற்றும் வண்டிகளில் எலி. இரவில் கேபினுக்குள் புகுந்து பட்டையைக் கடித்துவிடும். முழுக்க இழுத்துப் பார்த்தால்தான் உள்ளே சுருண்டிருக்கும் கடி தெரியும்.

மனிதர்கள் செய்வதும் உண்டு. மார்பில் அழுத்துகிறது என்று வளையத்துக்குப் பக்கத்தில் துணிக் கிளிப் மாட்டித் தொய்வு வைத்துக்கொள்வது பல வண்டிகளில் வழக்கம். தொய்வாக இருக்கும் ஒவ்வொரு சென்டிமீட்டரும், மோதும்போது உடம்பு ஸ்டீயரிங்கை நோக்கிக் கூடுதலாகப் போகும் தூரம். புதுச் சீட் கவர் தைத்துப் போடும்போது பக்கிளையும் சேர்த்து உள்ளே புதைத்துவிடுகிறார்கள். எச்சரிக்கை ஒலியை நிறுத்த, பட்டை இல்லாத வெறும் உலோக நாக்கை மட்டும் பக்கிளில் செருகி வைப்பது மிகப் பெரிய தவறு. இதற்கென்றே விற்கப்பட்ட கிளிப்புகளை இணைய வணிகத் தளங்களிலிருந்து நீக்கும்படி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் உத்தரவிட்டது. 13,118 விற்பனைப் பதிவுகள் நீக்கப்பட்டன என்று அரசு அப்போது அறிவித்தது. அத்தனை பதிவுகளில் அது விற்பனைக்கு இருந்தது என்பதே வேதனைக்குரியது.

எதைச் சரிசெய்யலாம்?

கேபினில் உட்கார்ந்து, பத்து நிமிடத்தில், எந்தக் கருவியும் இல்லாமல் ஒரு பெல்ட்டைச் சோதித்துவிடலாம். பட்டையை மெதுவாகக் கடைசி வரை இழுங்கள். இரண்டு பக்கமும் விரலால் தடவிக்கொண்டே வாருங்கள். வெட்டு, பிசிறு, உருகியதுபோன்ற பளபளப்பு, அலையலையான நெளிவு, பிரிந்த தையல் ஏதாவது தட்டுப்படுகிறதா? பிறகு விடுங்கள்; முழுக்கச் சுருள வேண்டும். வெடுக்கென்று இழுங்கள், பூட்ட வேண்டும். பக்கிளில் மாட்டுங்கள், ‘டக்’ என்ற சத்தம் கேட்க வேண்டும், பிடித்து இழுத்தால் வரக்கூடாது, சிவப்புப் பொத்தானை அழுத்தினால் உடனே வெளியே வர வேண்டும். கடைசியாக, ஆள் இல்லாத இடத்தில் 15 கிலோமீட்டர் வேகத்தில் போய் அழுத்தமாகப் பிரேக் பிடியுங்கள். மார்பை முன்னே விடாமல் பெல்ட் பிடித்ததா?

சுருளாத பெல்ட்டுக்கு முதல் வைத்தியம் சோப்புத் தண்ணீர். பட்டையை முழுக்க வெளியே இழுத்து, உள்ளே ஓடாமல் ஒரு கிளிப்பால் பிடித்துவைத்து, மிதமான சோப்புக் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் மெல்லிய பிரஷ்ஷால் தேய்க்கலாம். பிளீச்சிங் பவுடர், சாயம், பெட்ரோல், தின்னர் எதுவும் கூடாது. அவை நூலை அரிக்கும். நிழலில் நன்றாகக் காய்ந்த பிறகே உள்ளே விட வேண்டும். ஈரத்தோடு சுருண்டால் பூஞ்சை பிடிக்கும், பெட்டி துருவேறும். மேல் வளையத்தின் உள்பக்கத்தைத் துணியை முறுக்கி நுழைத்துத் துடைக்க வேண்டும். பல வண்டிகளில் இதற்குமேல் வேலை இருக்காது.

பக்கிள் மாட்டவில்லை என்றால் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். சில்லறைக் காசு, கடலைத் தோல், சிந்திய டீ காய்ந்த பிசின், வெயிலில் உடைந்து விழுந்த பொத்தானின் பிளாஸ்டிக் துணுக்கு ஏதாவது இருக்கும். பஞ்சர் கடையில் காற்றடித்து ஊதி எடுத்துவிடலாம். அதற்கும் சரியாகாவிட்டால் பக்கிளையே மாற்ற வேண்டும். கிரீஸோ என்ஜின் ஆயிலோ விடுவது கைவைத்தியம். அந்த எண்ணெயே அடுத்த மாதத்துத் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

எதைத் தொடக்கூடாது?

பிய்ந்த பட்டையைத் தைக்கக்கூடாது. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் நம் ஊர்களில் பெல்ட் பிய்ந்தால் முதலில் போகும் இடம் குஷன் கடைதான். அங்கிருப்பவர் தன் தொழிலில் தேர்ந்தவர். தார்ப்பாயும் தைப்பார், சீட்டும் தைப்பார். பை வார்ப்பட்டையைப் பெல்ட் அகலத்துக்கு வெட்டி அழகாகத் தைத்தும் கொடுப்பார். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, போலீஸுக்கும் தெரியாது. ஆனால் அந்த நைலான் பட்டையும் அந்த நூலும் எத்தனை கிலோ தாங்கும் என்பது யாருக்கும் தெரியாது. ஆலையில் பட்டையின் முனையில் போடும் தையலுக்கு நூல் கனம், தையல் வடிவம், வரிசை எல்லாம் சோதித்து முடிவுசெய்தவை. வெளிநாடுகளில் பெட்டியை வாங்கி, தரமான புதுப் பட்டை போட்டுத் தரும் சேவை நிறுவனங்கள் உண்டு. அப்படிச் சோதனை வசதியோடு செய்பவர் பக்கத்தில் இல்லாதபோது, முழு பெல்ட்டையும் மாற்றுவதுதான் ஒரே வழி.

பெட்டியைத் திறக்கவும் கூடாது. மூடியைக் கழற்றிய நொடியில் சுருள்வில் பாய்ந்து வெளியே வரும். கண்ணில் பட்டால் கண் போகும். திரும்பச் சரியான இறுக்கத்தோடு சுற்றி வைப்பது பட்டறையில் ஆகிற வேலையல்ல.

விபத்தில் வேலை செய்த பெல்ட்டை மறுபடி பயன்படுத்தக்கூடாது. இது பலருக்குத் தெரியாது. வண்டி பலமாக மோதியது, பெல்ட் ஓட்டுநரைக் காப்பாற்றியது, டிங்கரிங் பட்டறையில் தகட்டைத் தட்டி நிமிர்த்திப் பெயின்ட் அடித்து வண்டியை ஓட்ட ஆரம்பித்துவிடுகிறார்கள். பெல்ட் அப்படியே இருக்கிறது. அதன் நூல்கள் ஒருமுறை நீண்டுவிட்டன. பல பெட்டிகளில் மார்பெலும்பு முறியாமலிருக்க, விசை மிஞ்சும்போது முறுகிக் கொடுக்கும் கம்பி ஒன்று உருளைக்குள் இருக்கும். ஒருமுறை முறுகினால் அது பழைய நிலைக்குத் திரும்பாது. மேல் வளையத்தில் பட்டை உரசி உருகிய தடம் தெரிந்தால் அந்தப் பெல்ட் தன் வேலையை முடித்துவிட்டது என்று பொருள். பட்டை, பெட்டி, பக்கிள், போல்ட் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்.

புதிய மாடல்கள் சிலவற்றில் மோதிய கணத்தில் சின்ன வெடிமருந்தால் பட்டையை இறுக்கும் அமைப்பு இருக்கிறது. வழக்கமாக மஞ்சள் நிற ஒயர் இணைப்பு இருக்கும், அதுதான் அடையாளம். அதை மல்ட்டிமீட்டர் வைத்துச் சோதிக்கக்கூடாது, சுத்தியலால் தட்டக்கூடாது, வெல்டிங் நெருப்பைக் கிட்டே கொண்டுபோகக்கூடாது. பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, கையேடு சொல்லும் நேரம் காத்திருந்து, நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் மாற்றுவதே சரி.

மாற்றும்போது

சென்னை புதுப்பேட்டையிலும் கோவை உக்கடத்திலும் எந்த வண்டியின் எந்தப் பாகமும் கிடைக்கும். கதவு, கண்ணாடி, பம்பர் வாங்குங்கள். பெல்ட் மட்டும் வேண்டாம். உடைக்க வந்த வண்டி ஏன் உடைக்க வந்தது என்பதற்குப் பல நேரம் விபத்துதான் காரணம். அதில் அந்தப் பெல்ட் எவ்வளவு விசை வாங்கியது என்பதைப் பார்த்துச் சொல்ல ஆளில்லை. பெல்ட்டின் அடிமுனையில் தைத்திருக்கும் சீட்டில் தயாரித்த மாதமும் தர முத்திரையும் இருக்கும். சீட்டு இல்லாத பெல்ட்டை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கக்கூடாது. வெடிமருந்து அமைப்பு இல்லாத சாதாரண ஒரிஜினல் பெல்ட் செட், ஒரு புது டயரைவிட விலை குறைவு.

இடது பக்கத்துப் பெல்ட் வலது பக்கத்துக்கு ஆகாது, பெட்டிக்குள் குண்டின் கோணம் வேறு. ஒரு கம்பெனியின் நாக்கு இன்னொரு கம்பெனியின் பக்கிளில் நுழையலாம், சத்தமும் கேட்கலாம், ஆனால் பூட்டு முழுக்கப் பிடித்திருக்காது. நாக்கும் பக்கிளும் ஜோடியாகவே மாற வேண்டும்.

கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு போல்ட்டையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாஷர், புஷ், தகடு எந்த வரிசையில் இருக்கின்றன என்பது முக்கியம்; வரிசை மாறினால் முனைத் தகடு சுழலாமல் இறுகிவிடும், பட்டை மடங்கித் தேயும். உலகம் முழுக்கப் பெல்ட் போல்ட்டுக்குப் பரவலாக இருக்கும் அளவு 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 புரி. சில வண்டிகளில் மில்லிமீட்டர் அளவு இருக்கும். 7/16 என்பது 11 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். ஹார்டுவேர் கடையின் 10 மில்லிமீட்டர் போல்ட் உள்ளே ஆடும். 12-ஐ முறுக்கித் திணித்தால் புரி அறுந்துவிடும். போதாததற்கு, கடைப் போல்ட் அந்தப் பலத்துக்குச் செய்ததும் இல்லை. பெல்ட்டோடு வரும் போல்ட்டை, கையால் நாலைந்து சுற்று நேராக ஏற்றிவிட்டு, பிறகு டார்க் ரெஞ்ச் கொண்டு கையேட்டில் சொன்ன அளவுக்கு முறுக்க வேண்டும். முடித்த பிறகு, பட்டை எங்கேயும் முறுகாமல் தட்டையாக ஓடுகிறதா என்று மேலிருந்து கீழே ஒருமுறை பார்க்க வேண்டும்.

தரைத் தகடு துருவேறியிருந்தால் பெல்ட் மாற்றி மட்டும் பயனில்லை. துருவின் மேல் ஒரு துண்டுத் தகட்டை ஒட்டவைத்து வெல்டிங் செய்வது போதாது. நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டியெடுத்து, அடியில் வலுத்தகடு வைத்து, பாடி வேலை தெரிந்தவரிடம்தான் கட்ட வேண்டும்.

பெல்ட் இல்லாத இடங்கள்

எவ்வளவு நல்ல பெல்ட் போட்டாலும், இரண்டு பேர் கேபினில் மூன்று பேர் உட்கார்ந்தால் நடுவில் இருப்பவருக்கு எதுவும் இல்லை. ஓட்டுநரும் லோடுமேனும் கடைக்காரரின் பையனும் நெருக்கி உட்கார்ந்து வரும் காட்சி தினமும் பார்ப்பதுதான். ஒரே பெல்ட்டை இரண்டு பேருக்குச் சேர்த்துப் போடுவதும் நடக்கிறது. மோதும்போது இருவரின் தலையும் ஒன்றோடொன்று இடிக்கும். பெல்ட் எத்தனையோ அத்தனை பேர்தான் கேபினில் உட்கார வேண்டும்.

பின்னால் தொட்டியில் ஆட்களை ஏற்றுவதற்குப் பெல்ட்டால் தீர்வு ஏதும் இல்லை. நாற்று நடப் போகிற பெண்கள், கோயில் திருவிழாவுக்குப் போகிற குடும்பங்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள் பிடிக்க ஒரு கம்பிகூட இல்லாமல் நின்றுகொண்டு போகிறார்கள். கோவை எலும்பு முறிவு மருத்துவர் எஸ்.ராஜசேகரன் 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கின் விளைவாக அமைந்த சாலைப் பாதுகாப்புக் குழு, சரக்கு வாகனத்தில் ஆளேற்றினால் ஓட்டுநர் உரிமத்தை மூன்று மாதம் நிறுத்திவைக்கும்படி 2015-இல் மாநிலங்களுக்குச் சொன்னது. ஆனால் விடியற்காலையில் வேலைக்குப் போக வேறு வண்டி இல்லாத ஊர்களில் உரிமத்தை நிறுத்துவதால் மட்டும் இது மாறாது. அந்த நேரத்துக்குப் பேருந்து விட வேண்டும்.

யார் செலவு செய்வது?

பெல்ட் போடாவிட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவுப்படி 1,000 ரூபாய் அபராதம். பெரும்பாலும் அதைக் கட்டுபவர் ஓட்டுநர். வண்டி அவருடையது அல்ல. பெல்ட் மாற்றும் முடிவும் அவர் கையில் இல்லை. ‘இன்னொரு நடை அடிச்சுட்டு வா, அப்புறம் பார்க்கலாம்’ என்று உரிமையாளர் சொன்னால் அதே பிய்ந்த பெல்ட்டோடு கிளம்ப வேண்டியவர்தான். ஆகவே இந்தச் செலவு உரிமையாளருடையது.

அதை உறுதிசெய்யப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. சரக்கு வண்டிகள் எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும், அதற்குப் பிறகு வருடாவருடமும் தகுதிச் சான்றுக்கு (எஃப்.சி.) வந்துதான் ஆக வேண்டும். பெயின்டும் ஸ்டிக்கரும் பார்க்கிற நேரத்தில் ஆய்வாளர் கேபினுக்குள் ஏறி உட்கார்ந்து, இரண்டு பெல்ட்டையும் கடைசி வரை இழுத்துப் பார்த்து, மாட்டி, விடுவித்துப் பார்த்தால் இரண்டு நிமிடம் ஆகும். பிசிறு இருந்தால் எஃப்.சி. இல்லை என்று ஒரே ஒரு அலுவலகம் கண்டிப்பாக இருந்தால் போதும். சுற்றுவட்டாரத்துப் பட்டறைகள் எல்லாம் அடுத்த மாதமே ஒரிஜினல் பெல்ட்டை வாங்கி வைக்கத் தொடங்கிவிடும். கண்ணாடிக்கும் ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கருக்கும் அப்படித்தான் நடந்தது.

புதுப் பெல்ட் மாட்டியாயிற்று, பழையதை என்ன செய்வது? பட்டறை மூலையில் போட்டால் அது காயலாங்கடைக்குப் போகும்; அங்கிருந்து கழுவித் துடைத்து இன்னொரு வண்டிக்கு வரும். கத்தரிக்கோலால் பட்டையை இரண்டு மூன்று இடத்தில் குறுக்கே வெட்டிவிட்டு, பக்கிளின் பொத்தானை உடைத்துவிட்டுத்தான் இரும்புக்குப் போட வேண்டும். வெடிமருந்து அமைப்பு உள்ள பெட்டியை மட்டும் உடைக்கவோ வெட்டவோ நெருப்பில் போடவோ கூடாது. வெடிக்காத மருந்து உள்ளே இருக்கும். அதை மாற்றிய சர்வீஸ் சென்டரிலேயே ஒப்படைத்துவிட வேண்டும்.